அயல்நாட்டுப் பழங்கோயில்களை இந்தியா ஏன் சீரமைக்கிறது?

திருப்பணி என்ற சொல்லை வடசென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலானாலும் தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாள் கோயிலானாலும், பாலாலயம் செய்து, கோபுரத்துக்குச் சாரம் கட்டி, சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டி, யாகசாலை அமைத்து, கலசத்தில் புனித நீர் ஊற்றிக் குடமுழுக்கு நடத்துவதோடு அது நிறைவுபெறும் என்பது அந்தத் தெருக்களில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே, கம்போடியாவிலோ வியட்நாமிலோ உள்ள பழங்கோயில் ஒன்றை இந்திய அரசு ‘புதுப்பிக்கிறது’ என்று நாளிதழில் படிக்கும் வாசகர் மனத்தில் இந்தக் காட்சியே எழுகிறது. அந்தக் காட்சியிலிருந்து மூன்று ஐயங்கள் பிறக்கின்றன. அங்கே இனிப் பூசை நடக்குமா? நம் ஊரில் எத்தனையோ கோயில்கள் செடி முளைத்துக் கிடக்கும்போது அயல்நாட்டுக்கு ஏன் பணம்? மதச்சார்பற்ற அரசு கோயிலுக்குச் செலவிடுவது முறைதானா?

மூன்றும் நியாயமான ஐயங்கள். ஆனால் அவை பெரும்பாலும் ஒரு சொற்குழப்பத்தில் வேர்கொண்டவை. அங்கே நடப்பதில் பெரும்பகுதி திருப்பணி அன்று.

சொற்களைப் பிரித்து அறிதல்

ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்று சொல்லும் திருப்பணியின் நோக்கம், தெய்வம் குடியிருக்கும் இடத்தை மீண்டும் குறையற்றதாக ஆக்குவது. பழுதான கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் வைக்கலாம், தளத்தை மாற்றலாம், வழிபாடு தடையின்றித் தொடர வேண்டும் என்பதே அங்கு அளவுகோல். தொல்லியலார் செய்யும் பேணுதல் இதற்கு ஏறத்தாழ எதிரானது. அங்கே கல்லே சான்று. தேய்ந்திருந்தாலும் பழைய கல் இருக்க வேண்டும். அதைப் புதிதுபோல் ஆக்குவது பிழை. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இந்தத் துறையின் அடிப்படை ஆவணம். மீட்டமைப்பு எந்த இடத்தில் ஊகமாக மாறுகிறதோ அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைந்திருந்தாலும் புதியது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

அடுத்த சொல், பண்பாட்டு ராஜதந்திரம். ஒரு நாடு படைவலிமையையோ கடனையோ முன்வைக்காமல், கலை, மொழி, சமயம், கல்வி ஆகியவற்றின் வழியாக இன்னொரு நாட்டின் நல்லெண்ணத்தைப் பெற முயல்வதை அது குறிக்கும். இவ்வகைக் கவர்ச்சிக்கு அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை 1990இல் தந்த பெயரையே தமிழில் மென்னாற்றல் என்கிறோம். பழங்கோயில் ஒன்றின் சீரமைப்புக்குப் பணமும் நிபுணர்களும் அனுப்புவது இவ்வகை முயற்சிகளில் மிக மெதுவானது. நடனக் குழு ஒரு வாரத்தில் திரும்பிவிடும். கல்லை அடுக்கும் குழு பத்து, பதினைந்து ஆண்டுகள் அந்த ஊரிலேயே தங்க வேண்டியிருக்கும்.

மூன்று வகைக் கோயில்கள்

செய்திகளில் எல்லாம் ஒரே பெயரில் வந்தாலும், இந்தியா பொறுப்பேற்கும் பணிகள் தன்மையால் வேறுபட்டவை.

1. வழிபாடு நின்றுபோன, அல்லது வேறு சமய வழிபாட்டுக்கு மாறிவிட்ட தொல்லியல் சின்னங்கள். கம்போடியாவின் அங்கோர் வாட், தா புரோம், வியட்நாமின் மீ சன், லாவோஸின் வாட் பூ ஆகியவை இவ்வகையின. இங்கே பணி செய்வது இந்தியத் தொல்லியல் துறை. விதிகள் தொல்லியல் விதிகள்.

2. வழிபாடு நடந்துகொண்டிருக்கும் பழம்பதிகள். இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் உள்ள திருக்கேதீச்சரம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இங்கே தொல்லியலாரும் ஸ்தபதிகளும் சேர்ந்தே பணி செய்ய வேண்டும்.

3. அந்நாட்டில் வாழும் இந்துச் சமூகத்தின் கோயில்கள். 1971 மார்ச்சில் பாகிஸ்தான் படையால் அழிக்கப்பட்ட டாக்கா ரம்னா காளி கோயில் இந்திய உதவியோடு மீண்டும் எழுந்து, 2021 டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தால் திறந்துவைக்கப்பட்டது. பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் உள்ள, ஏறத்தாழ 200 ஆண்டுப் பழைமை கொண்ட ஸ்ரீநாத்ஜி கோயிலின் 42 லட்சம் டாலர் மறுகட்டுமானத்தைப் பிரதமர் மோடி 2019 ஆகஸ்டில் தொடங்கிவைத்தார்.

அபுதாபியில் 2024இல் திறக்கப்பட்ட பெரிய கோயில் இந்த மூன்றிலும் சேராது; அது புதிய கட்டுமானம். 2015 நிலநடுக்கத்துக்குப் பின் நேபாளத்தின் பாரம்பரியக் கட்டடங்களுக்கு இந்தியா ஒதுக்கிய 5 கோடி டாலர், பேரிடர் உதவி என்ற தலைப்பில் வந்தது.

மதச்சார்பின்மை பற்றிய ஐயத்துக்கு இந்தப் பிரிவினையே விடையின் ஒரு பகுதியைத் தருகிறது. குறிப்பிட்ட ஒரு சமயத்தை வளர்ப்பதற்கென வரி கட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. முதல் வகைப் பணிகளுக்கு இதனால் சிக்கல் இல்லை. அங்கே நடப்பது சின்னங்களைப் பேணுதல். அவற்றுள் பௌத்தச் சின்னங்களும் பல. தா புரோமே 1186இல் ஏழாம் ஜயவர்மன் எழுப்பிய பௌத்த மடாலயம். மியான்மரின் பகானில் இந்தியத் தொல்லியல் துறை சீரமைத்த ஆனந்தா கோயிலும் பௌத்தக் கோயில். மூன்றாம் வகையில்தான் கோடு மெல்லியதாகிறது. அதை அரசு வெளிப்படையாக விளக்கியாக வேண்டும் என்பது என் கருத்து.

பணமும் பொறுப்பும் நகரும் வழி

‘திருவொற்றியூருக்கு இல்லாத பணம் கம்போடியாவுக்கு எப்படி வந்தது’ என்ற கேள்வியில் வருத்தம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வரும் பணம் அன்று. தமிழ்நாட்டில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சமய நிறுவனங்கள் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநில அரசின் இந்து சமய அறநிலையத் துறையில் அடங்கும். மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகத்தைச் சேர்ந்த இந்தியத் தொல்லியல் துறை, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் பெற்றவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களை மட்டுமே காக்கிறது. அயல்நாட்டுப் பணிக்கான பணமோ வெளியுறவு அமைச்சகம் பிற நாடுகளின் வளர்ச்சிக்கு உதவ வைத்திருக்கும் நிதியிலிருந்து வருகிறது. சாலை, மருத்துவமனை, ரயில் பாதை ஆகியவற்றுக்கு நண்பர் நாடுகளுக்குத் தரும் உதவியும் இதே நிதிதான். 2020இல் அயல்நாட்டுப் பாரம்பரியப் பணிகளுக்கென்றே அந்த அமைச்சகத்தில் தனிப் பிரிவு அமைக்கப்பட்டது.

பணி நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

1. சின்னத்தின் உரிமையுள்ள நாடு கேட்க வேண்டும், அல்லது ஒப்புக்கொள்ள வேண்டும். இரு அரசுகளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்கின்றன. மீ சன் பணிக்கான ஒப்பந்தம் 2014இல் கையெழுத்தானது. கல்லைத் தொடுவதற்கு 2017 ஆயிற்று.

2. இடைப்பட்ட காலத்தில் அளவெடுப்பு, படமெடுப்பு, மண் ஆய்வு, நீர் வடியும் வழியின் ஆய்வு ஆகியவை நடக்கின்றன.

3. வேலைத்திட்டத்தை அந்நாட்டின் அமைப்பு ஏற்க வேண்டும். அங்கோரில் அப்சரா என்ற அரசு ஆணையமும், 1993இல் தொடங்கிய பன்னாட்டு ஒருங்கிணைப்புக் குழுவும் இதைச் செய்கின்றன. அந்தக் குழுவுக்கு பிரான்ஸும் ஜப்பானும் இணைத் தலைமை வகிக்கின்றன.

4. உள்ளூர்த் தொழிலாளர்களைச் சேர்த்து, பயிற்சி தந்து, பணியைச் செய்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பின் அந்தக் கட்டடத்தில் இந்தியாவுக்கு எந்த உரிமையும் இல்லை.

கல், செங்கல், மரம்

பேணுதல் பணியின் நடுநாயகமான முறைக்கு அனஸ்டைலோசிஸ் என்று பெயர். சரிந்து கிடக்கும் கற்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, எது எந்த வரிசையில் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டறிந்து, அதே இடத்தில் மீண்டும் அடுக்குவது அது. மீளடுக்கு முறை என்று தமிழில் சொல்லலாம். கேட்க எளிது. அங்கோரின் பாபுவோன் கோயிலை பிரெஞ்சு அறிஞர்கள் 1960இல் தொடங்கி ஏறத்தாழ மூன்று லட்சம் கற்களாகப் பிரித்து அடுக்கிவைத்திருந்தார்கள். போர் வந்தது, பணி நின்றது, போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற பொதுவுடைமைப் படையின் ஆட்சியில் எண் குறித்த ஏடுகள் அழிந்தன. எந்தக் கல் எங்கே என்று சொல்லும் துணையே இல்லாமல் 1995இல் மீண்டும் தொடங்கியவர்கள் 2011இல்தான் முடித்தார்கள்.

இந்தோனேசியாவின் பிரம்பானனில் இந்த முறை ஒரு கண்டிப்பான விதியாக வளர்ந்தது. ஒரு கோயிலின் மூலக் கற்களில் குறைந்தது 75 விழுக்காடு கிடைத்தால் மட்டுமே அதை மீண்டும் எழுப்பலாம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 47 மீட்டர் உயரச் சிவன் கோயில் டச்சு ஆட்சிக் காலத்தில் 1918இல் தொடங்கிய பணியின் பயனாக 1953இல் எழுந்து நின்றது. சுற்றிலும் இருந்த 224 சிறு கோயில்களில் பெரும்பாலானவை இன்றும் கற்குவியல்களே. அவற்றின் கற்களை ஊரார் வெவ்வேறு காலங்களில் வீடு கட்ட எடுத்துச் சென்றுவிட்டார்கள். குவியலைக் குவியலாகவே விட்டுவைப்பதும் இத்துறையில் ஒரு வேலைதான். நம் ஊர்த் திருப்பணி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சோம்பலாகத் தோன்றும்.

திருவொற்றியூரை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். யானையின் பின்புறம்போல வளைந்த அங்குள்ள தூங்கானை மாட விமானம் முதலாம் இராசேந்திரன் காலத்தில் கல்லால் எடுக்கப்பட்டது. அதைக் கட்டிய ரவி என்ற வீரசோழத் தச்சனின் பெயரைக் கல்வெட்டு இன்றும் சொல்கிறது. அந்தக் கோயிலில் நாள்தோறும் விளக்கேற்ற வேண்டும். அபிடேகம் நடக்க வேண்டும். கார்த்திகைப் பௌர்ணமியில் கவசம் திறந்த ஆதிபுரீசுவரரைக் காண மூன்று நாளும் கூட்டம் நெருக்கும். அத்தகைய கோயிலில் தேய்ந்த படியை மாற்றாமல் இருக்க முடியாது. ஆனால் கல்வெட்டுள்ள சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு நீங்க வேண்டும் என்பதற்காக மணலை வேகமாகப் பீய்ச்சியடித்தால் அந்தத் தச்சனின் பெயர் போய்விடும். தமிழ்நாட்டில் பல கோயில்களில் மணல் பீய்ச்சியதால் எழுத்துகள் மழுங்கியது நாம் கண்ட இழப்பு. திருப்பணியும் பேணுதலும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை.

வியட்நாமின் மீ சன் கற்பிக்கும் பாடம் செங்கல் பற்றியது. இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை சிவனுக்கு எழுப்பிய அந்தக் கோயில்களில், செங்கற்களுக்கு இடையே கலவை இருப்பதே தெரியாது, ஒட்டியதுபோல் நிற்கும். அவற்றைப் பிணைத்தது எது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. அப்பகுதி மரங்களின் பிசின் என்பது ஒரு கருத்து. முந்தைய சீரமைப்புகளில் வைத்த புதுச் செங்கற்கள் சில ஆண்டுகளிலேயே உப்புப் பூத்துப் பாசி படிய, அருகில் இருந்த ஆயிரம் ஆண்டுப் பழைய செங்கல் சிவந்தே இருந்தது. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்த மிகச் சிறந்த கோபுரம் சரிந்தது. இந்தியக் குழு 2017 முதல் 2022 வரை ஏ, எச், கே என்று குறிக்கப்படும் தொகுதிகளில் பணிசெய்தது. 2020 மே மாதம் ஏ தொகுதியில் மண்ணை அகற்றும்போது ஒரே மணற்கல்லில் செதுக்கிய 9ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் வெளிப்பட்டது. அயலுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அப்படத்தை வெளியிட, ஊரடங்கில் இருந்த இந்தியர் பலர் மீ சன் என்ற பெயரையே முதல்முறையாகக் கேட்டார்கள்.

அங்கோர் வாட்டில் கற்றதும் தா புரோமில் செய்ததும்

பண்பாட்டு ராஜதந்திரத்தின் ஆதாயமும் ஆபத்தும் அங்கோர் வாட்டில் ஒருசேர வெளிப்பட்டன. 1979இல் போல் பாட் ஆட்சி வீழ்ந்து, வியட்நாம் ஆதரவுடன் ஹெங் சம்ரின் அரசு அமைந்தபோது மேற்கு நாடுகள் அதை ஏற்க மறுத்தன. இந்தியா 1980இல் அதை அங்கீகரித்தது. காடு மூடிக் கிடந்த அங்கோர் வாட்டைக் காக்க வருமாறு விடுத்த அழைப்பை ஏற்று, 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை அங்கே பணியாற்றியது. கண்ணிவெடிகளும் கெமர் ரூஜ் படையினரின் அச்சுறுத்தலும் இருந்த காலம் அது. வேறு யாரும் போகத் துணியாத இடத்துக்கு இந்தியர் போனார்கள் என்பதை கம்போடியர் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் பணியின் தரத்தைப் பன்னாட்டு அறிஞர்கள் கடுமையாகக் குறை கூறினார்கள். கற்களின் மேல் படிந்த பாசியை வேதிப்பொருள் கொண்டு தேய்த்துக் கழுவியதும், இடைவெளிகளில் சிமென்ட் பயன்படுத்தியதும் மணற்கல்லுக்குத் தீங்கு என்பது அவர்கள் வாதம். அந்நாளில் கிடைத்த பொருளையும் பாதுகாப்பற்ற சூழலையும் கொண்டு செய்ததே அது என்றும், சரிய இருந்த பகுதிகள் அதனால்தான் நின்றன என்றும் இந்தியத் தரப்பு சொன்னது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நல்லெண்ணத்தோடு போனதனால் மட்டும் கல் மன்னிக்காது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நாட்டின் பெயரால் செய்யும் வேலையில் தொழில்நுட்பப் பிழை நாட்டின் பிழையாகவே நினைவில் நிற்கும்.

2000களில் தா புரோமுக்குப் போனபோது அணுகுமுறை மாறியிருந்தது. அங்கே சிக்கல் மரங்கள். பெரும் மரங்களின் வேர்கள் சுவர்களைப் பிளந்துகொண்டு இறங்கியிருக்கின்றன. அதே வேர்கள்தான் பல இடங்களில் சுவர்களைத் தாங்கியும் பிடித்திருக்கின்றன. மரத்தை வெட்டினால் சுவர் சரியும். விட்டால் மரம் விழும் நாளில் சுவரும் விழும். உலகப் பயணிகள் வருவதே அந்த மரங்களைப் பார்க்கத்தான். ஆகவே டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் மரங்களை ஒவ்வொன்றாக ஆராய, நம் கிண்டியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மண்ணையும் கட்டமைப்பையும் ஆராய்ந்தது. பிறகே கற்களைத் தொட்டார்கள். நடன மண்டபம் சீரமைந்து 2022 நவம்பரில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் முன்னிலையில் திறக்கப்பட்டது. விழா ஒரு நாளில் முடிந்தது. அதற்குப் பின்னால் இருந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கோரில் இந்துக் கோயில்களைச் சீரமைப்பது இந்தியா மட்டும் அன்று. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாவ் சே தேவோதா என்ற இந்துக் கோயிலை எடுத்து நிறுத்தியது சீனா. தா கேவ் சிவன் கோயிலிலும் அந்நாட்டுக் குழுவே பணிசெய்தது. ஜப்பான் பேயோனிலும், ஜெர்மனி அங்கோர் வாட்டின் அப்சரஸ் சிற்பங்களிலும் உழைத்திருக்கின்றன. எனவே ‘இந்துக் கோயில் என்பதால் இந்தியா செய்கிறது’ என்ற விளக்கம் போதாது. உலகம் பார்க்கும் ஒரு களத்தில் தங்கள் அறிவியலைக் காட்ட நாடுகள் வரிசையில் நிற்கின்றன. இந்தியாவும் அந்த வரிசையில் நிற்கிறது.

பழைய வழக்கம்தான்

அரசுகள் பிறர் மண்ணில் வழிபாட்டிடம் எழுப்பி நட்பு வளர்ப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டின் அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்ப, முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அதைப் பதிந்த செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்று, அந்நகரின் பெயராலேயே அறியப்பட்டன. அந்த நட்பு நிலைத்ததா? இருபது ஆண்டுகளுக்குள், 1025 அளவில், இராசராசன் மகன் இராசேந்திரனின் கடற்படை அதே ஸ்ரீவிஜய அரசின் கடாரத்தைத் தாக்கியது. ஆனால் நாகப்பட்டினத்து விகாரம் இடிபடவில்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்திலும் அதன் கொடைகள் உறுதிசெய்யப்பட்டன. கோயிலால் போரைத் தடுக்க முடியாது. போர் முடிந்தபின் இரு தரப்பும் மீண்டும் பேசத் தொடங்க ஓர் இடத்தை அது விட்டுவைக்கிறது.

வடசென்னையிலேயே வேறொரு வகைச் சான்று இருக்கிறது. இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பகுதியில் இருந்த பட்டணத்துப் பெருமாள் கோயிலைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1757இல் கோட்டையின் பாதுகாப்புக்காக இடித்தது. ஊராரின் மனம் கசந்ததை உணர்ந்த கம்பெனி மாற்று இடமும் இழப்பீட்டுப் பணமும் தந்தது. கம்பெனியின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று, சென்ன கேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் பூக்கடைப் பகுதியில் இரட்டைக் கோயில்களை எழுப்பினார். அந்நிய ஆட்சி ஒன்று கோயிலுக்குப் பணம் கொடுத்ததற்குக் காரணம் பக்தி அன்று. இந்த மக்களோடு வாணிகம் தொடர வேண்டும் என்ற கணக்கு. ஆனாலும் அந்தக் கோயில்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

‘நம் கோயில்’ என்னும்போது

இவ்வகைப் பணிகளைக் கெடுக்கக்கூடிய ஒரே சொல் உண்டென்றால் அது ‘நம்முடையது’ என்பதே. அங்கோர் வாட் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பியது. நூற்றாண்டுகளாக அது பௌத்தர்களின் கோயில். கம்போடியாவின் தேசியக் கொடியில் நிற்பது அதன் கோபுரங்கள். பிரம்பானனைச் சுற்றி வாழ்வோர் பெரும்பாலும் முஸ்லிம்கள். 1961 முதல் அதன் முன்னே இராமாயண நாட்டியத்தை ஆடிவருவோரிலும் முஸ்லிம்கள் மிகுதி. 2025 ஜனவரியில் இந்தோனேசிய அதிபர் பிரபோவோ தில்லி வந்தபோது பிரம்பானன் பாதுகாப்பில் இந்தியா பங்கேற்கும் என்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சாவகத்து (ஜாவா) மக்கள் தங்கள் முன்னோர் கட்டியது என்று அதைப் போற்றுவதால்தான் அது இன்று நிற்கிறது.

சென்னை ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. வழிபட ஆர்மீனியர் ஏறத்தாழ யாரும் இந்நகரில் இல்லை. கொல்கத்தாவில் உள்ள அவர்கள் திருச்சபை அதைப் பராமரிக்கிறது. அதற்கு ஆர்மீனியா நிதி தந்தால் மகிழ்ந்து வரவேற்போம். ஆனால் ‘சென்னை எங்கள் நாகரிகத்தின் கிளை’ என்று யாராவது அதை வைத்துப் பேசினால் பாரிமுனையில் ஒருவரும் ஏற்கமாட்டார். கம்போடியரும் வியட்நாமியரும் அதே உணர்வுள்ளவர்கள்தாம்.

உரிமைச் சிக்கல் முற்றினால் என்னாகும் என்பதற்கு பிரியா விகார் சான்று. தாய்லாந்து எல்லையில் செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்கும் அந்தச் சிவன் கோயில் கம்போடியாவுக்குரியது என்று பன்னாட்டு நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் இரு நாட்டுப் படைகளும் மோதின. 2025இலும் அந்த எல்லையில் பீரங்கிகள் முழங்கின. கோயிலின் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழுவுக்கு இணைத் தலைமை வகிப்பவை இந்தியாவும் சீனாவும். எல்லையில் படைகளை நிறுத்தி ஒன்றையொன்று கண்காணிக்கும் இரு நாடுகள், மூன்றாம் நாட்டின் சிவன் கோயிலுக்காக ஒரே மேசையில் அமர்கின்றன.

இன்னொரு கேள்வியும் உண்டு: கைகுலுக்குவது யாரோடு? மியான்மரில் 2016 நிலநடுக்கத்தில் சிதைந்த பகான் கோபுரங்களைச் சீரமைக்க இந்தியா முன்வந்தது. 2021இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் செய்யும் ஒவ்வொரு பணியும் அந்த ஆட்சியை ஏற்பதாகப் படிக்கப்படலாம். பணியை நிறுத்தினால் கோபுரம் சரியும். இதற்கு எளிய விடை இல்லை. கட்டடத்தைக் காப்பது, ஆட்சியாளரோடு மேடையேறுவதைத் தவிர்ப்பது என்ற வழி ஒன்றே எனக்குத் தென்படுகிறது.

திருக்கேதீச்சரம்

தமிழருக்கு மிக அணுக்கமான பணி மன்னார் மாதோட்டத்தில் நடந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதி திருக்கேதீச்சரம். பாலாவிக் கரையில் அது இருந்ததைச் சுந்தரரே பாடியிருக்கிறார். போர்த்துகீசியர் அதை அழித்தனர். அந்த இடத்தில் கோயில் மீண்டும் எழ வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். அவருடைய அச்சுக்கூடம் இயங்கிய இடங்களில் ஒன்று நம் தங்கசாலைத் தெரு. தேவாரமும் பெரியபுராண வசனமும் கடலின் இரு கரைக்கும் அங்கிருந்தும் போயின. உள்நாட்டுப் போரில் அந்தக் கோயிலில் நீண்ட காலம் அடியார்கள் கால்வைக்க முடியாமற்போயிற்று.

போருக்குப் பின் இந்தியா 32.6 கோடி இலங்கை ரூபாய் நல்கையில் கோயிலைக் கருங்கல்லில் அமைக்க முன்வந்தது. இந்தியத் தொல்லியல் துறையோடு, மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியும் சேர்ந்தது. மரபுவழி ஸ்தபதிகளின் அறிவு அரசாங்க ராஜதந்திரத்தின் கருவியாக இவ்வளவு வெளிப்படையாக அமைந்தது அரிது. 2022 ஜூலையில், இலங்கை பொருளாதாரச் சரிவின் அடியில் கிடந்தபோது, அங்கே குடமுழுக்கு நடந்தது. போரின் இழப்பை ஒரு கோயில் ஈடுசெய்யாது. காணாமற்போனவர்களைத் தேடும் தாய்மாருக்கு அது விடை அன்று. ஆனால் தொல்லியல் என்ற பெயரே வடக்கு, கிழக்குத் தமிழரிடம் நிலம் பறிபோகும் அச்சத்தை எழுப்பும் நாட்டில், தொல்லியலார் வந்து தமிழர் கோயிலை அவர்களிடமே எழுப்பிக் கொடுத்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

தமிழ்க் கல்வெட்டுகள் கிடக்கும் இடங்களில்

இத்தனை பணிகளிலும் எனக்குள்ள குறை ஒன்று உண்டு. தென்கிழக்காசியாவோடு கடல்வழித் தொடர்பில் தமிழ் வணிகர் எழுதிவைத்த சான்றுகள் கல்லிலேயே இருக்கின்றன. தாய்லாந்தின் தக்குவாபாவில் அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரின் காவலில் வைத்த 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சுமத்ராவின் பாரூசில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினரின் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனத்தின் குவான்சோவில் சிவன் கோயில் ஒன்றைக் குறிக்கும் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு என்று பட்டியல் நீளும். கட்டடத்தைச் சீரமைக்கப் பொறியாளரும் வேதியியலாரும் போகிறார்கள். அவர்களோடு தமிழ்க் கல்வெட்டறிஞர் ஒருவரும் கட்டாயம் போக வேண்டும். புதிதாக வெளிப்படும் எழுத்தை உடனே மைப்படி எடுத்து, அந்நாட்டு மொழியிலும் தமிழிலும் வெளியிடுவது ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். செலவு சிறிது, ஆனால் இரு நாட்டு மாணவர்களுக்கும் கையில் கிடைப்பது அதுதான்.

பகானை நினைக்கும்போது இந்தக் குறை கூடுதலாக உறுத்துகிறது. பர்மாவிலிருந்து வெளியேறியவர்களின் குடும்பங்கள் வியாசர்பாடியில் வாழ்கின்றன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் அவர்களால் உண்டானது. பர்மிய நூடுல்ஸ் உணவான அத்தோ விற்கும் கடைகளில் இன்றும் மாலை நேரக் கூட்டம் குறையவில்லை. அவர்கள் முன்னோர் கப்பலேறுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே பகானில் தமிழ் எழுத்து இருந்தது. நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு, மலைமண்டலத்து (கேரளத்து) மகோதயர்பட்டணத்துக் குலசேகர நம்பி என்பவர் ஒரு மண்டபமும் ஒரு திருக்கதவும் அணையாது எரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்ததை 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று பதிந்துவைத்திருக்கிறது. வடமொழிச் செய்யுளில் தொடங்கித் தமிழில் தொடரும் அந்தக் கல்லின் படியும் வாசகமும் வியாசர்பாடிப் பள்ளிகளின் வரலாற்று வகுப்புக்கு வந்துசேர வேண்டும்.